யாருக்கு உடம்பு சரியில்லை?

முதலில் வருவது புளிப்பு வாசனை. அதற்குப் பின்னால் சவுக்குக் கட்டை எரிந்த புகை, அதற்கும் பின்னால் ஓரம் கருகிய மாவின் இனிப்பு. இந்த மூன்றும் ஒன்றாக எங்கள் சந்துக்குள் நுழைந்தால் நைனா வேலை முடிந்து வருகிறார் என்று அர்த்தம். ராயபுரத்தில் ரயில்பாதையை ஒட்டிய அந்தச் சந்தில் எந்நேரமும் நிலக்கரித் தூளும் மீன் கவிச்சியும்தான் அடித்துக்கொண்டிருக்கும். அந்த இரண்டையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு முன்னால் வரக்கூடிய வாசனை நைனாவின் சட்டைக்கு மட்டும்தான் இருந்தது. விடியற்காலையில் கண்ணைத் திறக்காமலே நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

நைனா கல்மண்டபத்துப் பக்கம் ஒரு பாயின் 'ரொட்டிக் கிடங்கில்' மாவு பிசைபவராக இருந்தார். கள்ளுக்கடைகளை மூடும்வரை கள் ஊற்றித்தான் மாவைப் புளிக்க வைத்தார்களாம். மூடிய பிறகு, முந்தின நாள் மாவில் ஒரு பிடியை எடுத்துவைத்து, அதைக்கொண்டு மறுநாள் மாவைப் புளிக்க வைத்தார்கள். அங்கே வெந்த ரொட்டி கப்பல்களுக்கும், ஆஸ்பத்திரிக்கும், சட்டைக்காரர்கள் என்று நாங்கள் சொன்ன ஆங்கிலோ இந்தியர் வீடுகளுக்கும் போகும். ஓரம் உடைந்ததும் ஒருபக்கம் கருகியதும் வேலை செய்கிறவர்களுக்கு. அப்படி வாரத்தில் நாலு நாளாவது ஒரு முழு ரொட்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

அதைத் தின்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு முறை இருந்தது. நைனா குளித்துவிட்டு வரும்வரை யாரும் தொடக்கூடாது. பிறகு அவரே கையால் பிய்ப்பார். கத்தி வைத்தால் உள்ளே இருக்கும் ஆவி செத்துப்போகும் என்பார். நாலு மூலைகளும் மொறுமொறுவென்று இருக்கும். அவற்றுக்காக நானும் என் தம்பி பாபுவும் அடித்துக்கொள்வோம். முந்தின நாள் காரப்பொடி மீன் குழம்பைச் சுண்டவைத்து, அந்தச் சட்டியின் அடியை ரொட்டியால் துடைத்துத் தின்ற ருசி பிறகு எந்தக் கல்யாண விருந்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. அம்மா மட்டும் குழம்பு தொட மாட்டாள். வெல்லம் போட்ட டீயில் ரொட்டியைத் தோய்த்து, அது உடைந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். "ராணி கணக்கா கீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

அந்தச் சந்தோஷத்துக்கு நாங்கள் கொடுத்த விலையைத்தான் சொல்லப்போகிறேன். பழசை மறந்துவிடுவது நல்லது என்று நினைப்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. நான் எதையும் மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ரொட்டி என்பது தின்பண்டம் அல்ல, பத்தியம். ஜுரம் கண்டால் சோற்றை நிறுத்திவிட்டு "ரொட்டியும் பாலும் மட்டும் குடு" என்பார் டாக்டர். ஜுரம் விட்டதும் சோறு, அத்தோடு ரொட்டிக்கும் அந்த வீட்டுக்கும் உறவு முடிந்தது. ஆகவே ஒரு வீட்டுக்குள் ரொட்டி போவதைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" கேட்காவிட்டால்தான் மரியாதைக் குறைவு. உடம்பு நன்றாக இருக்கும்போது, ஆசைக்காக, சிரித்துக்கொண்டு ரொட்டி தின்னும் குடும்பம் ஒன்று இருக்கும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. "யாருக்கும் இல்ல, சொம்மாதான்" என்று அம்மா சொல்லச் சொல்ல, எதையோ மறைக்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

எங்களுடையது எட்டு வீடுகள் வரிசையாக நின்ற ஒரு 'லைன்'. எட்டுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். குழாயை ஒட்டிய முதல் வீடு ஹார்பரில் மேஸ்திரியாக இருந்தவருடையது. அவருடைய மனைவியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மேஸ்திரி வூட்டம்மா' என்பதே பெயராகிவிட்டது. யார் முதலில் தண்ணீர் பிடிப்பது, யார் அப்புறம் பிடிப்பது என்பதெல்லாம் அந்த அம்மாள் கையில். எங்கள் அம்மா தனம் இயல்பாகவே ஒல்லி. ஈர விறகுப் புகையில் அடிக்கடி இருமுவாள். ஒல்லி, இருமல், வாரத்தில் நாலு நாள் ரொட்டி. இவற்றைக் கூட்டிப்பார்த்து மேஸ்திரி வூட்டம்மா ஒரு முடிவுக்கு வந்தாள்: அம்மாவுக்குக் காச நோவு. ஒரே வாரத்தில் எட்டு வீட்டு வாயிலும் அது மெல்லப்பட்டது. அம்மா குழாயைத் தொடக்கூடாது, வேறு யாராவது பிடித்து ஊற்றட்டும் என்று உத்தரவு வந்தது. சுதந்திரம் வந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருந்த நாட்டில், என் அம்மா குடத்தை வைத்துக்கொண்டு யார் ஊற்றுவார்கள் என்று காத்து நின்றாள்.

அந்த வருஷம் மேஸ்திரியின் மகள் வசந்தாவுக்கு மஞ்சள் நீர் சடங்கு நடந்தது. வசந்தா என்னைவிட இரண்டு வயது பெரியவள், எனக்குத் தோஸ்து. அழைப்பு எல்லா வீட்டுக்கும் வந்ததால் அம்மாவும் இருந்த ஒரே பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு என்னைக் கூட்டிப்போனாள். பந்தியில் உட்கார்ந்தோம். அம்மா இலையில் தண்ணீர் தெளித்தாள், உப்பு வைத்தார்கள், பாயசம் வந்துகொண்டிருந்தது. அப்போது மேஸ்திரி வூட்டம்மா எங்கள் எதிரில் வந்து நின்றாள்.

"தனம், நீ எந்திரி. பந்தியில கொயந்திங்க கீது. ஒன் எலைய வூட்டுக்கு அனுப்பறேன்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பிள்ளைகள் மேல் அக்கறை என்பதுபோலச் சொன்னாள், அதுதான் இன்னும் எரிகிறது. வசந்தா மணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா உப்பு மட்டும் இருந்த அந்த இலையை, கருமாதி வீட்டில் மடிப்பதுபோல வெளிப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்தாள். சுப காரியத்தில் அப்படி மடித்ததை அத்தனை பேரும் பார்த்தார்கள். நான் அழுதேன். அம்மா அழவில்லை. வீட்டுக்கு வந்து பட்டுச்சேலையை மடித்துவைத்தபடி, "இவ வாயாலயே ரொட்டி கேக்க வெக்கறேன்" என்றாள். அவ்வளவுதான். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் இலையும் வரவில்லை, சோறும் பொங்கவில்லை, ரொட்டிதான் தின்றோம்.

அதற்கு அடுத்த வருஷம் அரிசிக்கு ஏகப்பட்ட தட்டுப்பாடு. ரேஷன் கடையில் அரிசியைக் குறைத்துவிட்டு, மீதிக்குக் கோதுமையை அளந்து போட்டார்கள். எங்கள் லைனுக்கு அதை என்ன செய்வது என்றே தெரியவில்லை. அரிசியைப் போல உலையில் போட்டு வேகவைத்துக் கஞ்சி வடிக்கப் பார்த்தார்கள். கோதுமை வேகாமல் மிதந்தது. அதைத் தின்ற பிள்ளைகளுக்கு வயிறு கல்லாகக் கட்டிக்கொண்டது. மீன் விற்கிற அஞ்சலை அக்காதான் முதலில் எங்கள் வாசலுக்கு வந்தவள். முறத்தில் கோதுமையை வைத்துக்கொண்டு, "தனம், ஒன் வூட்டுக்காரு இத்த வச்சித்தான ரொட்டி போடறாரு?" என்றாள். கிடங்கில் போடுவது வெள்ளை மைதா ரொட்டி. ஆனாலும் நைனா ஒரு கோதுமை மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டு, "ஆவும்" என்றார்.

வெள்ளிக்கிழமை பகலில் கிடங்குக்கு ஓய்வு. அடுப்போ அன்றும் சூடாகத்தான் இருக்கும். நைனா பாயிடம் போய்க் கேட்டார். "எட்டு வூட்டுக்கும் போடு, எனக்கும் ஒண்ணு அனுப்பு" என்றார் அந்த நல்ல மனிதர். அந்த ஒரு வாரம் எங்கள் லைன் கல்யாண வீடாக இருந்தது. கோதுமையை மிஷினில் அரைத்துவந்து எங்கள் வீட்டில் கொட்டினார்கள். நைனா கிடங்கிலிருந்து ஒரு பிடி புளித்த மாவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். காசம் என்று அம்மாவை ஒதுக்கிய அதே பெண்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து, அவள் காட்டியபடி மாவை அடித்துப் பிசைந்தார்கள். ஒரே பாத்திரத்தில் எத்தனை கை என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி வீட்டுக் கை மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா மேஸ்திரி வீட்டு வாசலுக்குத் தானே நடந்துபோய், "அக்கா, பிள்ளைங்கள இட்டுகினு வா" என்று அழைத்துவிட்டு வந்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. அவளை எதற்குக் கூப்பிட்டாய் என்று சண்டைக்குப் போனேன். அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டே, "அவ வரலன்னா இந்த ரொட்டியே எனக்கு வாணாம்" என்றாள்.

மேஸ்திரி வூட்டம்மா வந்தாள். நாலு நாளாக வசந்தாவுக்கும் அவள் தம்பிகளுக்கும் வயிற்று வலி. வராமல் என்ன செய்வாள்? சந்து முழுக்கப் பாய் விரித்து வாழை இலை போட்டிருந்தோம். நைனாவும் கிடங்கு ஆட்கள் இரண்டு பேரும் கூடையில் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிடங்கு ரொட்டியைப்போல வெள்ளையும் அல்ல, லேசும் அல்ல. மரப்பட்டை நிறத்தில், கையில் கனத்தது. பிய்த்தபோது வந்த ஆவியில் வறுத்த கோதுமையின் வாசனை சந்தை நிறைத்தது. அஞ்சலை அக்காவின் வஞ்சிரக் குழம்பு இலைக்கு இலை ஓடியது. நோயாளியின் ஆகாரத்தை நாற்பது பேர் கூடி, மூக்கில் வியர்வை வழிய, மூலைக்குச் சண்டை போட்டுக்கொண்டு தின்றார்கள். பாபு ஒரு முழு ரொட்டியை மடியில் ஒளித்துவைத்து உதை வாங்கினான்.

மேஸ்திரி வூட்டம்மாவின் இலைக்கு அம்மாவே பரிமாறினாள். எல்லோரையும்விடப் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள். குழம்பு மட்டும் கொஞ்சமாக ஊற்றினாள். அதை நான் கவனித்தேன். அந்த ரொட்டி வெறும் வாயில் இறங்காது. மேஸ்திரி வூட்டம்மா மூன்றாவது வாயில் விக்கினாள். தண்ணீர்ச் சொம்பு அம்மாவின் கையில் இருந்தது. அம்மா அவள் எதிரில் போய் நின்று, பந்தி முழுக்கக் கேட்கும்படி, ரொம்ப அக்கறையாகக் கேட்டாள்:

"யாருக்குக்கா ஒடம்பு சரியில்ல?"

மேஸ்திரி வூட்டம்மாவின் கண்ணில் விக்கலால் தண்ணீர் கட்டியது. அம்மா சொம்பைச் சாய்க்கவில்லை. அவள் பிள்ளைகள் தின்றுகொண்டிருந்ததால் எழுந்து போகவும் முடியவில்லை. கடைசியில், "எங்க வூட்ல யாருக்கும் ஒண்ணும் இல்ல" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். "அப்ப நல்லா துன்னு" என்று அம்மா தண்ணீரை ஊற்றினாள். குழாயைத் தொடக்கூடாது என்று தான் ஒதுக்கிய அதே கையிலிருந்து மேஸ்திரி வூட்டம்மா குடித்தாள். யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். போகும்போது அவளே அம்மாவிடம், "பசங்களுக்கு இன்னொரு ரொட்டி கீதா?" என்று கேட்டாள். மறுநாள் அம்மா குழாயில் தன் குடத்தைத் தானே பிடித்தாள்.

அம்மாவுக்கு அதோடு ஆறிவிட்டது. எனக்கு ஆறவில்லை. தன் வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை என்றுதானே அவள் சொன்னாள்? என் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்று அவள் வாயிலிருந்து வரவில்லையே. அந்தக் கணக்கை நான் சாகும்வரை மூடுவதாக இல்லை. அம்மா எண்பது வயதுவரை ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டு நன்றாகவே இருந்தாள். மேஸ்திரி வூட்டம்மா அதற்குப் பல வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இன்று அந்த லைன் இருந்த இடத்தில் கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. கிடங்கின் புகைக்கூண்டைக் காணோம். கோதுமை ரொட்டி பிளாஸ்டிக் பையில், துண்டு போட்டு, எந்தக் கடையிலும் தொங்குகிறது. டாக்டர்களே உடம்புக்கு நல்லது என்கிறார்கள். அதை வாங்கிக்கொண்டு போகிறவரைப் பார்த்து யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியே செத்துப்போய்விட்டது என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் வசந்தாவைப் பார்த்தேன். திருவொற்றியூரில் மகன் வீட்டில் இருக்கிறாளாம். தன் மருமகளிடம் என்னைக் காட்டி, "இவங்கம்மா பாவம், காச நோவு. ரொட்டிதான் ஆகாரம்" என்றாள். எழுபது வருஷம் கழித்து, வாய் நிறைய இடித்த வெற்றிலையோடு, இரக்கப்பட்டுச் சொன்னாள். விலாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு கோதுமை ரொட்டியை வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க அவள் வீட்டு வாசலில் நின்று, படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்: "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" பக்கத்து வீட்டுப் பையன் காதிலிருந்த ஒயரைக் கழற்றி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டான். கதவைத் திறந்த மருமகளுக்கும் விளங்கவில்லை. அந்தக் கேள்வி விளங்கக்கூடிய ஒரே ஆள் உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள்.

"எனக்குத்தான் சரோ. உள்ள வா" என்றாள் வசந்தா. கல்யாணத்துக்குப் போய்வந்ததிலிருந்து எழுந்திருக்க முடியவில்லையாம். என் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஒரு மூலையைப் பிய்த்துக் கொடுத்தேன். பல் இல்லாமல் மென்று, விக்கினாள். மருமகள் தண்ணீர் கொண்டுவந்தாள்; டம்ளரை நான் வாங்கிக்கொண்டேன். கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"எங்கம்மாவுக்கு இன்னா நோவு, சொல்லு. ஒன் மருமவளுக்குக் கேக்கறாப்பல சொல்லு."

வசந்தா டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மருமகள் பக்கம் திரும்பினாள்.

"அவங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்லடி. ரொட்டி நல்லா இருந்துது, துன்னாங்க."

அதன் பிறகுதான் தண்ணீரைக் கொடுத்தேன்.