பல் முளைத்த செய்தி

பெட்டிக்குள் விட்ட எலியைப் பாம்பு ஒரு முறை கொத்திவிட்டு விலகிக்கொண்டது. எலி இரண்டு சுற்று ஓடியது. பிறகு பின்கால்கள் இழுபட, மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து, கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சாய்ந்தது. அதன் பின்புதான் பாம்பு சாவகாசமாக அதன் பக்கம் நகர்ந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் டிரைவர் அண்ணனும் நின்றிருந்தோம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் முகம் மட்டும் மாறிப்போயிருந்தது. “போன வாரம் வரைக்கும் எலிய உசுரோட முழுங்குச்சு தங்கச்சி. இப்ப கொன்னுட்டு முழுங்குது. பல்லு மொளச்சிருச்சு” என்றார்.

வனத்துறையில் நான் தற்காலிகத் தட்டச்சராக இருந்த காலம் அது. விளாங்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி அலுவலகம் போவேன். டிரைவர் அண்ணன் எங்கள் ஜீப்பை ஓட்டியவர். ஊர் பெருகப் பெருக வீட்டுக்குள் பாம்பு என்று தினமும் போன் வரும். பிடிக்கப் போக வேறு ஆள் இல்லாததால் அவரே போய்ப் போய்த் தேர்ந்துவிட்டார். இந்த நல்ல பாம்பு வீட்டில் பிடித்ததன்று. சந்தையில் வித்தை காட்டிய ஒருவரிடமிருந்து பறிமுதல் செய்தது. ஐந்தரை அடி நீளம், என் முன்கை பருமன். வித்தைக்காக அதன் விஷப்பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். சாட்சிகளை வைத்து எழுதும் பறிமுதல் மகஜரில் ‘விஷப்பற்கள் அகற்றப்பட்ட நிலையில்’ என்று ரேஞ்சர் சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன். வழக்குச் சொத்து என்பதால் கோர்ட் உத்தரவு இல்லாமல் காட்டில் விட முடியாது. வாய்தாவுக்கு மேல் வாய்தா விழுந்தது. பாம்பு எங்கள் பின்னறையில், கண்ணாடி போட்ட மரப்பெட்டிக்குள் கிடந்தது.

வந்த புதிதில் யார் நடந்தாலும் படமெடுத்துச் சீறும். ஒரு மாதத்தில் அது நின்றுபோயிற்று. தலையைக்கூடத் தூக்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். அலுவலகமே அதைப் பழகிய பாம்பு என்று கொண்டாடியது. வீட்டுப் பொறியில் விழும் எலியை நானே பையில் வைத்துக் கொண்டுவருவேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டிரைவர் அண்ணன் மட்டும் அந்த ஆட்டத்தில் சேரவில்லை. படமெடுக்கிறவரை அது நம்மை எச்சரிக்கிறது, எச்சரிப்பதை விட்டுவிட்டால்தான் நாம் பயப்பட வேண்டும் என்பார். நாங்கள் கேலி செய்வோம். பல்லே இல்லாததற்கு இத்தனை மரியாதையா என்று நானே அவரிடம் கேட்டிருக்கிறேன். பிடுங்கிய பல் மறுபடி முளைக்கும், புண் ஆற வேண்டியதுதான் பாக்கி என்று அப்போதே சொன்னார். ஆனால் ஃபைலில் பல் இல்லை என்று இருந்தது. ஃபைலில் இருந்ததைத்தான் நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

எலி செத்த அன்று அவர் என் மேசைக்கு வந்து, ரேஞ்சருக்கு ஒரு குறிப்பு வைக்கச் சொன்னார். பல் முளைத்துவிட்டது, பெட்டியை யாரும் திறக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். அவருக்கு எழுத்து வராது, ரேஞ்சர் முன்னால் நின்று பேசவும் கூச்சம். நான் அடித்தும் வைத்தேன். கொண்டுபோகத்தான் துணிச்சல் வரவில்லை. கையெழுத்தான மகஜருக்கு மாறாக ஒரு காகிதம் போனால் ரேஞ்சர் குதிப்பார். என் வேலை நிரந்தரமாகும் நேரம். அதற்கும் அவர்தான் எழுத வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று மேசை இழுப்பறையிலேயே அந்தக் குறிப்பை வைத்திருந்தேன். நான்காம் நாள் டிரைவர் அண்ணன், “ஐயாகிட்ட குடுத்துட்டியா தங்கச்சி?” என்று கேட்டார். கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். இனி கேட்கமாட்டார் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அடுத்த வாரமே பாம்பைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு வந்தது. காலை பத்து மணி. டிரைவர் அண்ணன் கொக்கிக் கம்பி எடுக்க ஜீப்புக்குப் போயிருந்தார். நேரமாகிறது என்று ரேஞ்சர் தானே பெட்டியைத் திறந்தார். நான் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கத்தியிருக்கலாம். பையின் வாயைத்தான் இன்னும் அகலமாக விரித்தேன். ரேஞ்சர் குனிந்து வெறும் கையை உள்ளே நீட்டிய நேரத்தில் டிரைவர் அண்ணன் வாசலில் வந்து நின்றார். ஐயாவுக்கு விஷயமே தெரியாது என்பது அந்த நொடியில் அவருக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பாய்ந்து வந்து ரேஞ்சரின் கையைத் தட்டிவிட்டார். பாம்பு சீறவில்லை, படமெடுக்கவில்லை. அவருடைய வலது கையைக் கவ்விக்கொண்டது. விடுவிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் அவர் இமைகள் தொங்கிவிட்டன. மூன்று நாள் செயற்கை மூச்சு. உயிர் பிழைத்தார், இரண்டு விரல்கள் போயின. ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்று அலுவலக வாசலில் காவலுக்கு உட்காரவைத்தார்கள். விசாரணைக்கு வேறொரு அதிகாரி வந்தார். வாக்குமூலத்தை அடிக்க என்னைத்தான் உட்கார வைத்தார்கள். பல் முளைத்தது தெரியுமா என்று கேட்டார் அதிகாரி. தெரியும் என்றார் டிரைவர் அண்ணன். யாரிடமாவது சொன்னாயா என்று அடுத்த கேள்வி. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

“இல்லீங்கய்யா. சொல்லணும்னு இருந்தேன், மறந்துபோச்சு.”

அதை அப்படியே அடித்தேன். அவர் இடது கையால் பெருவிரல் ரேகை வைத்தார். கவனக்குறைவு என்று அவருக்கு மெமோ வந்தது. எனக்கு வேலை நிரந்தரமானது.

இன்று நான் கண்காணிப்பாளர். அவர் ஓய்வு பெற்று டி. கல்லுப்பட்டி பக்கம் மகன் வீட்டோடு இருக்கிறார். போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றே போனேன். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். பேச்சு எப்படியோ அந்தக் கைக்கு வந்தது. “இவரு மறதியாலதேன் தாயி இம்புட்டும். அன்னைக்கு ஒரு வார்த்தை யாருகிட்டயாச்சும் சொல்லிருந்தா வெரலு தப்பிச்சிருக்கும்ல. இன்னைக்கு வரைக்கும் நான் கேக்குறேன், பதிலே சொல்ல மாட்டேங்குறாரு” என்றார்.

வீட்டிலும் அவர் சொல்லவில்லை. இத்தனை வருடம் அந்தத் திட்டையும் வாங்கிக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மிச்சமிருந்த மூன்று விரல்களால் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

“காப்பி ஆறுது தங்கச்சி. குடி.”

குடித்துவிட்டு வந்துவிட்டேன்.