சட்டைப் பையில் ஒரு நட்டு

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு நட்டு கிடக்கும். மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிய, தட்டையான இரும்பு வளையம், ஓரமெல்லாம் பல். சுவரில் மாட்டும் இரும்புப் பெட்டிக்குள் மின்கேபிள் நுழைகிற ஓட்டையில் ஒரு கனெக்டரைச் செருகி, உள்பக்கத்திலிருந்து இதைப் போட்டு இறுக்க வேண்டும். கனெக்டர் நகராமல் இருந்தால்தான் அது கவ்வியிருக்கும் கேபிளும் நகராமல் இருக்கும். போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு வெள்ளிக்கிழமை மதியம், வண்டியில் உட்கார்ந்து வேர்க்க வேர்க்க யோசித்திருக்கிறேன். அன்று மிஞ்சிய நட்டுதான் இது. சட்டையைத் துவைக்கப் போட்டால் மெஷினுக்குள் கடகடவென்று உருளும். "நட்டு கழண்ட ஆளுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்பாள் என் மனைவி.

அன்று என்னோடு இருந்தவரை நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். வயர்மேன் உரிமம் அவருடையது. நான் அவருக்கு உதவியாள். என்னைவிடப் பத்து வயது இளையவர் என்பதால் என்னை அண்ணே என்பார். திட்டும்போதும் அண்ணேதான். தங்காக் ஊரில் பதினைந்து வருடம் ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு, கடையை மூடியதும் நாற்பது வயதில் இந்த வேலைக்கு வந்தவன் நான். முதல் வாரம் கேபிளை முழம் போட்டு அளந்தேன். கனெக்டர் எடுத்துவரச் சொன்னால் ஒரு சைஸ் பெரிதாகவே எடுத்துப்போவேன். பள்ளிச் சீருடை விற்ற கை அல்லவா? வளர்கிற பிள்ளைக்குத் தொளதொளவென்று எடுப்பதுதானே கெட்டிக்காரத்தனம்! "கேபிள் வளராது அண்ணே" என்றார் மேடம். "ஓட்டைக்கும் பொருந்தணும், கேபிள் தடிமனுக்கும் பொருந்தணும். லூசா இருந்தா வழுக்கிட்டு வந்துடும்." மறுநாள் என் வீரத்தைக் காட்ட, கேபிளைக் கவ்வும் திருகாணியை முழுப்பலத்தோடு முடுக்கினேன். கேபிளின் உறை நசுங்கிப் பிதுங்கியது. "கையப் பிடிக்கிற மாதிரி பிடிக்கணும் அண்ணே. நீங்க கழுத்தப் பிடிச்சிருக்கீங்க." அந்த வார்த்தையை இன்றுவரை ஒவ்வொரு திருகிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பத்து பாகாட் ஊரில் ஒரு சின்னத் தையல் ஆலை. இஸ்திரிப் பகுதியின் சுவரில் ஏழு மின்பெட்டிகளை மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக மதியம் நீண்ட இடைவேளை விடுவார்கள். மின்சாரத்தை நிறுத்தி வேலை பார்க்க அதுதான் நேரம். இரண்டே முக்காலுக்கு மெஷின் மறுபடி ஓடியாக வேண்டும். அங்கே இஸ்திரி போடும் மலாய் அக்கா ஒருவர் எங்களுக்குக் கோரெங் பீசாங், அதாவது வாழைப்பழ பஜ்ஜி, கொண்டுவந்து கொடுத்தார். என் அரைகுறை மலாய் ஜோக்குகளுக்குச் சிரிக்கும்போதெல்லாம் ஈரக் கையைப் பக்கத்து மின்பெட்டிமேல் ஊன்றிக்கொண்டு சிரித்தார். வேலை முடிந்தது. சோதித்தோம், எல்லாம் சரியாக ஓடியது. கிளம்பிவிட்டோம்.

வழியில் ஆயர் ஈத்தாமில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். முகம் துடைக்கக் கைக்குட்டையை இழுத்தபோது விரலில் தட்டியது நட்டு. மேடம் ரொட்டி சானாய்க்காகக் கல்லுப் பக்கம் நின்றிருந்தார். என் காலடியிலேயே சாக்கடை. கையை விரித்தால் 'தொபுக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், ஆள் பிழைத்தான். ஒரு நிமிடம் அப்படித்தான் நின்றேன் என்பதை எழுத இன்றும் கூசுகிறது. ஆனால் கண்ணுக்குள் அந்த ஈரக் கை. நட்டை மேசைமேல் வைத்தேன்.

"மேடம், இது ஒருவேளை எக்ஸ்ட்ராவோ?"

"உள்ள எத்தன எடுத்துட்டுப் போனோம்?"

"ஏழு. பெட்டியும் ஏழு."

ரொட்டி வரவில்லை, அதற்குள் வண்டி திரும்பிவிட்டது. ஆலை மேற்பார்வையாளருக்கு மூன்று முறை போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. "மோதிரமே வாங்கித் தரலன்னு வீட்டுல புலம்புறா. இதையாவது குடுத்திருக்கலாம்" என்றேன்.

"அண்ணே, இப்ப ஜோக் வேணாம்."

கொஞ்ச தூரம் கழித்து, "ஏதாச்சும்னா டிரிப் ஆயி கரண்டு நின்னுடும்லா, மேடம்?" என்றேன்.

"ஆகலன்னா?"

மேடம் வண்டியை இன்னும் விரட்டினார். ஓட்டையின் ஓரம் தகரக் கத்தி மாதிரி இருக்கும். மெஷின் அதிர அதிர, பிடிப்பில்லாத கேபிள் அதில் உரசிக்கொண்டே இருக்கும். உறை தேய்ந்து உள்ளே கம்பி பெட்டியைத் தொட்டுவிட்டால், அப்புறம் பெட்டியைத் தொடும் கை. இன்றைக்கோ, பத்து நாள் கழித்தோ, யாருக்குத் தெரியும்?

போய்ச் சேர்ந்தபோது மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததுமே அக்கா சிரிக்கத் தயாராகி, பெட்டியை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். "அலமாக்! கை! கை!" என்று தமிழில் கத்தினேன். கத்திய வேகத்தில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கை அந்தரத்தில் நின்றது. மேடம் ஓடிப்போய் மெயினை அணைத்தார். ஏழு பெட்டிகளையும் திறந்தோம். ஆறாவதில் நட்டு இல்லை. விரலால் இழுத்ததும் கனெக்டர் கையோடு வந்தது. கேபிள் உறையில் பூனை கீறியது போல ஒரு கோடு. அக்கா கை வைக்கப் போன பெட்டி அது.

அது மேடம் போட்டது. பெட்டிக்குள் கை விட்டிருந்த அவருக்கு நட்டை எடுத்துக் கொடுக்க வேண்டியவன், அதைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே மூடியைப் போட்டுவிட்டார். "என் தப்பு மேடம்" என்றேன். "குடுக்காதது உங்க தப்பு. கேக்காம மூடுனது என் தப்பு" என்றார். கீறல் விழுந்த பகுதியை வெட்டி எடுத்தார். நட்டை நீட்டினேன், வாங்கவில்லை. வண்டியிலிருந்து வேறொன்றை எடுத்துவரச் சொன்னார். "அது உங்க பையிலயே கெடக்கட்டும்."

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம். மூடியைப் போடும் முன், அவர் பொருத்தியதை நான் இழுத்துப் பார்ப்பேன், நான் பொருத்தியதை அவர் இழுத்துப் பார்ப்பார். இப்போது மேடம் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். நானும் இரண்டாம் தடவை வயர்மேன் பரீட்சை எழுதித் தேறி, மாசாயில் தனியாக வேலை பார்க்கிறேன். நான் பொருத்தியதை இழுக்கத்தான் ஆள் இல்லை.

போன ஞாயிறு எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் மெஷினுக்கே புது மின்பெட்டி மாட்டினேன். மூடியபின் பையில் கைவிட்டால், நட்டு. பழைய நட்டுதான், தெரியும். தெரிந்தும், மெயினை அணைத்துப் பெட்டியைத் திறந்தேன். புது நட்டு அதன் இடத்தில் இறுக்கமாக இருந்தது. ஆனாலும் மனைவியைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னேன். டிவி நாடகம் பாதியில் நின்ற கோபத்தை எல்லாம் சேர்த்து இழுத்தாள்.

"வரலங்க. போதுமா?"

போதும் என்றேன். மூடியைத் திருகினேன், மெயினைப் போட்டேன், முகம் துடைக்கக் கைக்குட்டையை இழுத்தேன். நட்டு தரையில் விழுந்து, உருண்டு, அவள் காலடியில் போய்ப் படுத்தது. அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தானே போய் மெயினை அணைத்துவிட்டு, பெட்டிமுன் வந்து நின்றாள்.