பாட்டில் வாயில் கட்டிய துணி

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பூச்சி மிஸ் என்று ஒருவர் வந்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஸ்கூட்டரின் முன்னால் இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களை வைத்துக்கொண்டு விவேக் நகருக்கு வந்து சேருவார். டப்பாவில் மரவட்டை, நத்தை, மண்புழு, பொறிவண்டு என்று வாரத்துக்கு ஒரு விருந்தாளி இருக்கும். நாங்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து கையை நீட்டினால், மரவட்டை ஒவ்வொரு கையாக ஏறி இறங்கி வட்டத்தைச் சுற்றி வரும். கத்துகிறவர்களுக்கு அடுத்த முறை கிடையாது என்பது சட்டம். அதனால் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாய்க்குள்ளேயே அலறக் கற்றுக்கொண்டோம்.

வந்த முதல் வெள்ளிக்கிழமையே மிஸ் ஒரு கரப்பான்பூச்சியைக் காட்டி, யாருக்கு இதைக் கண்டால் பயமில்லை என்று கேட்டார். நான் எழுந்து, எனக்குப் பயமில்லை, எங்கள் அப்பா தினமும் இதைத்தான் கொல்கிறார் என்றேன். பொய்யில்லை. அப்பாவுக்குப் பூச்சிமருந்து அடிக்கும் கம்பெனியில் வேலை. முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு பிரேசர் டவுன் பக்கம் ஓட்டல் சமையலறைகளிலும் அபார்ட்மெண்ட்களிலும் மருந்து அடிப்பார். கம்பெனிக்காரர்கள் மாஸ்க் தருகிறோம், தருகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அது வருகிறவரைக்கும் இருக்கட்டும் என்று அம்மா பழைய வேட்டியைக் கிழித்துச் சதுரம் சதுரமாக வெட்டிக் கொடுப்பாள். அப்பா அதை மூக்குக்குக் கட்டிக்கொள்வார். வீட்டில் அதற்கு மருந்துத் துணி என்று பெயர்.

சாயங்காலம் அவருடைய வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிப் போய், சட்டையைக் கழற்றக்கூட விடாமல் தோளில் ஏறிக்கொள்வேன். மண்ணெண்ணெயும் ஊதுபத்தியும் கலந்தது போல ஒரு வாசனை அடிக்கும். எனக்கு அதுதான் அப்பா வாசனை. பக்கத்து வீட்டு அப்பாக்கள் மேல் ஒரு வாசனையும் வராததைப் பார்த்து, ஐயோ பாவம் என்று நினைத்திருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மிஸ் ஆளுக்கொரு புழு கொடுத்தார். கறிவேப்பிலை தின்னும் புழு. பார்த்தால் காக்கா எச்சம் மாதிரி இருந்தது. அகல வாய் பாட்டிலில் விட்டு, தினமும் புது இலை போட்டு, வாயை மெல்லிசான துணியால் மூடி ரப்பர் பேண்ட் மாட்ட வேண்டும். அது வளர்ந்து கூடு கட்டி வண்ணத்துப்பூச்சியாக வெளியே வரும். வந்ததும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்து மரத்தடியில் எல்லோர் முன்னாலும் பறக்கவிடலாம். இந்தக் கடைசி விஷயம்தான் என்னை ஆட்டிப்படைத்தது. அன்றைக்கு எந்தக் கவுன் போடுவது என்பதுவரை முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் வீட்டிலேயே மெல்லிசான துணி மருந்துத் துணிதான். துவைத்துத் துவைத்து நைந்து அவ்வளவு மெத்தென்று இருக்கும். கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒன்றை யாரையும் கேட்காமல் எடுத்து, ஊறுகாய் பாட்டிலின் வாயில் கட்டினேன்.

மறுநாள் காலையில் புழு சுருண்டு கிடந்தது. கடை இலையில் மருந்து இருந்திருக்கும் என்றாள் அம்மா. அடுத்த வாரம் மிஸ் இன்னொரு புழு கொடுத்தார். இந்த முறை எதிர்வீட்டு மரத்து இலையைப் போட்டேன். அதுவும் செத்தது. மற்றவர்களுடைய புழுக்களெல்லாம் பச்சைப்பசேலென்று கொழுத்துக்கொண்டிருந்தன. எனக்கு வகுப்பில் கொலைகாரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். மிஸ் கன்னடக்காரர், எனக்காகத் தெரிந்த தமிழில் பேசுவார். சின்னப் பெண்களையெல்லாம் புட்டி என்றுதான் கூப்பிடுவார்.

“பரவாகில்ல புட்டி, அழாதே. ஸ்வல்ப ஜாக்ரதையா பாத்துக்கோ, ஆச்சா?” என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை அதிகமாயிற்று.

அன்று சாயங்காலம் அப்பாவின் மடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். தண்ணீர் பட்டதா, வெயிலில் வைத்தாயா என்று கேட்டார். பிறகு மேலே கட்டியிருந்த துணியைத் தொட்டு, மூக்கருகே கொண்டுபோனார்.

“இது எங்கேர்ந்து எடுத்த?”

“கொடிலேர்ந்து. தொவச்சதுதான்ப்பா.”

“ரெண்டு வாட்டி சோப்பு போட்டு அலசுனேனே,” என்றாள் அம்மா.

 அப்பா என் இரண்டு கைகளையும் தன் சட்டையிலிருந்து எடுத்து, என்னை மடியிலிருந்து இறக்கிவிட்டார்.

“போய் கை கழுவிக்கோ கண்ணு. மூஞ்சியும் கழுவிக்கோ.”

துணியைத் திருடியதற்குத் தண்டனை என்று நினைத்தேன். மறுநாள் வழக்கம்போல ஓடிப் போனபோது, “கிட்ட வராத, தள்ளி நில்லு,” என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். நேராகக் குளியலறைக்குப் போனார். தன் உடுப்புகளைத் தனி பக்கெட்டில் ஊறவைத்துத் தானே துவைத்தார். அதன் பிறகு தினமும் அப்படித்தான். குளித்துவிட்டு வந்து கையை நீட்டுவார். அவர் மேல் சோப்பு வாசனைதான் வரும். ஒரு முழத் துணிக்கு இத்தனை கோபமா என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ரோஷம் எனக்கும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை அவரே என்னைச் சந்தாபுராவில் இருந்த மாமா வீட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே கொல்லையில் பெரிய கறிவேப்பிலை மரம். குளித்து, புதுச் சட்டை போட்டிருந்தும் அவர் மரத்தைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்று, “அதோ அந்த எலைல இருக்கு பாரு. நீயே எடு. மெதுவா,” என்றார். நாளெல்லாம் பூச்சி கொல்லுகிற மனிதர் ஒரு புழுவுக்கு இத்தனை பயந்து நான் பார்த்ததில்லை. மருந்துத் துணிதான் மற்ற இரண்டையும் கொன்றது என்று அம்மா சொல்லியிருந்ததால், இந்த முறை பாட்டிலை அவளுடைய மெல்லிசான பழைய புடவைத் துண்டால் மூடினோம். எங்கள் வீட்டில் வேண்டாம் என்று எதிர்வீட்டு ஜன்னலில் வைக்கச் சொன்னார்.

இந்தப் புழு தின்றது. பச்சையானது. குச்சியில் தொங்கிக் கூடானது. மற்றவர்களுடையதெல்லாம் பறந்து போய் வெகுநாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், கறுப்பும் மஞ்சளுமாக வெளியே வந்தது. அப்பா லீவு போட்டார். நான் நினைத்து வைத்திருந்த கவுனைப் போட்டுக்கொண்டேன்.

மரத்தடியில் எல்லோரும் வட்டமாக நின்றார்கள். இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று மிஸ் கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “அப்பாவோட வேலத் துணி பட்டாலே பூச்சி செத்துடும் மிஸ். தொவச்சாலும் செத்துடும்,” என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அப்பா மிஸ்ஸிடம் மெதுவாகக் கேட்டார்:

“மிஸ், தொவச்ச துணிக்கே புழு தாங்கல. கொழந்தைங்க ஒடம்பு எவ்ளோ தாங்கும்?”

 அதற்கு மிஸ் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தேன். வண்ணத்துப்பூச்சி என் விரலில் ஏறி, இறக்கையை இரண்டு முறை விரித்து மூடி, எல்லோர் தலைக்கும் மேலே எழும்பிச் சுவரைத் தாண்டிப் போனது. அத்தனை பேரும் ஓவென்று கத்தியபடி அண்ணாந்து பார்த்தார்கள். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையிலிருந்து கால்வரை, எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா என்று தேடுவது போல.

“அப்பா, மேல பாருப்பா! மேல!” என்று கத்தினேன். அவர் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் அவர் மருந்துக் கம்பெனியை விட்டுவிட்டுச் சம்பளம் குறைந்த வேறு வேலைக்குப் போனார். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மரத்தடியில் நின்ற அன்றைக்கு எனக்கிருந்த வருத்தமெல்லாம் வேறு. அவ்வளவு பாடுபட்டு வளர்த்த பூச்சி பறந்ததை மனிதர் பார்க்காமல் விட்டுவிட்டாரே என்று, வீடு வந்து சேரும்வரை நான் அவரோடு பேசவே இல்லை.