கொலுவுக்கு வந்த மேஜை

சுகர் லேண்டில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் ஆப்பிரிக்கக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுக்காரருக்கும் என் கணவருக்கும் ஒரே எண்ணெய் கம்பெனி. ஒரே காரில் போய் வருவார்கள். அவர் நாட்டில் பல வருஷ ராணுவ ஆட்சிக்குப் பிறகு தேர்தல் நடந்து, அவருக்குப் பிடித்த கட்சி ஜெயித்தது. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலையை விட்டார், குடும்பத்தோடு ஊர் திரும்ப டிக்கெட் வாங்கினார், சாமான்களை வாரிக் கொடுத்தார். எங்களுக்கு வந்தது சாப்பாட்டு மேஜை.

நவராத்திரி நேரம். கொலுப் படிகளுக்காக அட்டைப்பெட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எனக்கு அது வரப்பிரசாதம். மேஜையை மேல்படியாக்கி, வேட்டி விரித்து, பொம்மைகளை அடுக்கினேன்.

கொலு வைத்த மூன்றாம் நாள் அவர் நாட்டில் ராணுவம் வானொலி நிலையத்தைப் பிடித்தது. தேர்தல் செல்லாது என்றார் ஒரு தளபதி. ஜெயித்தவர்கள் சிறைக்குப் போனார்கள்.

அன்று சாயங்காலம் மேஜை கொடுத்தவர் வந்தார். பயணம் ரத்து, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று ஆரம்பித்தவர், கொலுவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"எடுத்துக் குடுத்துடலாம். நாம அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார் என் கணவர்.

"வெச்ச கொலுவ நடுவுல கலைக்கறதா? என்ன பேசறீங்க?"

தமிழ் தெரியாவிட்டாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. விஜயதசமி வரை காத்திருப்பதாக அவரே சொன்னார். பிறகு, சாமிகள் மேலே, மனிதர்கள் கீழே என்று நான் விளக்கியதைக் கேட்டுவிட்டு, சிப்பாய்கள் எங்கே என்றார். கொலுவுக்கு முன்னால் தரையில் என் பையன் போட்ட பொம்மைப் பார்க்கின் ஓரத்தில் அவனுடைய பிளாஸ்டிக் சிப்பாய்கள் நின்றார்கள். காட்டினேன்.

"அங்கேயே இருக்கட்டும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஜயதசமி இரவு, கொலு முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்க வைத்தேன். மறுநாள் மேஜை திரும்பிப் போனது. அவர் வேறு கம்பெனியில் சேர்ந்தார். ஊர்ப் பேச்சையே எடுப்பதில்லை.

சில வருஷம் கழித்து அங்கே மறுபடி தேர்தல், மறுபடி அவருடைய கட்சி ஜெயித்தது. மறுபடி மேஜையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தலை நரைத்திருந்தது.

எனக்குச் சகுனத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த வருஷம் அட்டைப்பெட்டிகள் மேல்தான் கொலு வைத்தேன். மேஜையைக் கராஜில், எப்போது கேட்டாலும் தூக்கிக் கொடுக்கும்படி, காலியாக வைத்திருந்தேன்.