செல்லபாய் டீச்சர் நிற்கும் இடம்

பிள்ளைகள் ஐம்பத்திரண்டு பேரும் கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்திருக்க, செல்லபாய் டீச்சரின் குரல் அவர்களுக்குப் பின்னாலிருந்து வருகிறது. பலகையில் எழுத மட்டுமே முன்னால் போவார். எழுதியதும் சுவரோரமாக நடந்து வந்து கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொள்வார். முன்வரிசைப் பிள்ளைகள் கழுத்தைத் திருப்பினால், "என்ன திரும்பிப் பாக்கிய? எனக்க மொகத்துலயா எழுதிப் போட்டிருக்கு?" என்று ஒரு அதட்டல். காரணம் கேட்டால் சொல்வார்: "மின்னால இருக்கவன் எங்க நின்னு சொன்னாலும் கேப்பான். பின்னால இருக்கவனுக்க கிட்ட நாமதான் நடந்து போவணும்."

கருங்கலுக்குத் தெற்கே எங்கள் ஊரில் இருப்பது நான்கு வகுப்புகள் கொண்ட மிஷன் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை அதுவே கோயில். டீச்சருக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "வந்த மாப்பிள்ள எல்லாம் வேலைய விடச் சொன்னான். வேல யாரையும் விடச் சொல்லல்ல. பெறகென்ன?" பாட்டு கொஞ்சமும் வராது. ஆராதனையில் கீர்த்தனை பாடும்போது உதட்டை மட்டும் அசைப்பார். ஒருமுறை உற்சாக மிகுதியில் குரல் கொடுத்துவிட, ஆர்மோனியம் வாசித்தவர் தம் பெட்டியில்தான் ஏதோ பழுதென்று நிறுத்திப் பார்த்தார். இதை ஊரில் அதிகமாகச் சொல்லிச் சிரிப்பவரும் டீச்சர்தான்.

வருகைப் பதிவேட்டில் வராத பிள்ளையின் கட்டத்தை மத்தியானம் வரை வெறுமையாகவே விட்டுவைப்பார். தலைமையாசிரியர் மத்தியாஸ் சார் இதற்காகப் பலமுறை கோபித்திருக்கிறார். "மத்தியானம் வர அவனுக்கு நேரம் உண்டும் சார். நாம ஏன் காலையிலயே கட்டத்த அடைக்கணும்?" என்பது டீச்சரின் பதில்.

எங்கள் பக்கத்து வீட்டு வைகுண்டராஜன் கிறிஸ்தவரல்ல, அய்யாவழி மார்க்கத்துக்காரர். மகள் முத்துக்கனியைச் சேர்க்க வந்த அன்று நேராகவே கேட்டார்: "எனக்க மவள வேதத்துல சேக்கதுக்கா படிப்பிக்கிய?" டீச்சர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நானே ஒழுங்கா சேந்திருக்கேனான்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டும். அத ஒரு நெலைக்குக் கொண்டு வாறதுக்குத்தான் படிப்பிக்கேன்." வைகுண்டராஜன் சிரித்துவிட்டார். அன்றே பெண்ணைச் சேர்த்தார்.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதிவைத்ததல்ல, எல்லாரும் கடைப்பிடிப்பது. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் படிப்பு ஏறாத பிள்ளைகளை முந்தின சாயங்காலமே கூப்பிட்டு, நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். டீச்சரும் சொன்னவர்தான். 1948இல் அப்படிச் சொல்லப்பட்டவன் என் தம்பி ஞானசிங். அப்போது அவனுக்கு எட்டு வயது.

"நாளைக்கு நீ வரண்டாம் மக்கா" என்று அவர் சொன்னதை அவன் வீட்டில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சிலேட்டைக் கரியும் கோவை இலையும் போட்டுத் தேய்த்துக்கொண்டு போனான். பள்ளிக்கூடத்துக் கிணற்று மறைவில் மத்தியானம் வரை நின்றான். இன்ஸ்பெக்டரின் வில்வண்டி ரோட்டில் திரும்பியதும் வாசலுக்கு வந்து, "டீச்சர், அவரு போயாச்சு. இனி நான் வரலாமா?" என்று கேட்டான். அவன் குரலில் குறை எதுவும் இல்லையாம். அதுதான் தம்மை அடித்துப் போட்டது என்று டீச்சர் என்னிடம் சொன்னார். அடுத்த நாள் வகுப்பு முழுவதும் கேட்க, அவனிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையையும் அவர் வரவேண்டாம் என்று சொன்னதில்லை.

நாகர்கோவிலில் கல்லூரி முடித்து வந்த சமயம், சபை வாலிபர் கூட்டத்தில் கிறிஸ்தவக் கல்வியின் நோக்கம் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். கனமான சொற்களெல்லாம் சேர்த்துவிட்டு, டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்கப் போனேன். அவர் முறத்தில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வேதத்துல, ஆண்டவருக்க கிட்ட பிள்ளையளக் கொண்டு வந்தப்ப அதட்டி வெரட்டினது யாரு? அவர எதுத்த பரிசேயனா? ராயனுக்க சேவகனா? சீஷனுவதான மக்கா. ராவும் பகலும் அவருக்க கூட நடந்தவனுவ. அவருக்கு நல்லது செய்யதா நெனச்சுத்தான் வெரட்டினானுவ. நானும் பள்ளிக்கூடத்துக்கு நல்லது செய்யதா நெனச்சுத்தான் ஒனக்க தம்பிய நிறுத்தினேன். வாத்தியாரு வேலைங்கது அந்த வாசல்ல நிக்குத வேல. வழி விடுதோமா, மறிக்கோமா, அதத்தான் தெனமும் பாக்கணும்."

என் பேச்சை நான் பாதியாகக் குறைத்தேன். அப்படியும் நீளமாகத்தான் இருந்தது.

ஞானசிங் அந்த நான்கு வகுப்புகளைத் தாண்ட ஏழு வருடம் எடுத்துக்கொண்டான். பிறகு மலையில் ரப்பர் எஸ்டேட்டில் வேலைக்குப் போனான். வாரம் ஒரு கடிதம் எழுதுவான். பெரிய பெரிய எழுத்து, வரிகள் மேலே ஏறிப் போகும். சென்ற ஆவணியில் காய்ச்சலில் இறந்து போனான். பதினாறு வயது. அவனுடைய கடைசிக் கடிதத்தில், "அண்ணா, இங்கே எல்லாருக்கும் வீட்டுக் கடுதாசியை நான்தான் வாசித்துக் கொடுக்கிறேன்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை அவனுக்குக் கொடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். அவருக்கு நன்றி சொல்லப் போனால் பேச்சை மாற்றிவிடுவார். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

அவர் நின்ற இடத்துக்கு விலை கேட்கப்பட்ட நாளையும் எழுத வேண்டும். 1954இல் பள்ளிக்கூடத்துக்கு ஐந்தாம் வகுப்பு கேட்டிருந்தோம். ஐந்தாம் வகுப்புக்குப் புதுக்கடை வரை நடக்க வேண்டும். ஆண்பிள்ளைகள் நடந்தார்கள். பெண்பிள்ளைகளின் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. இன்ஸ்பெக்டர் பார்த்துத் திருப்திப்பட்டால் அனுமதி உண்டு என்றார்கள். அதற்காக நாலு வருடம் மனு எழுதியவரே டீச்சர்தான்.

மத்தியாஸ் சார் கெஞ்சினார்: "ஒரே ஒரு நாளு டீச்சர். படிப்பு ஏறாத லீதியாளயும் அந்த ரெண்டு பயலுவளயும் வீட்டுல இருத்துங்க. ஊருக்கே நல்லது."

"ஊருன்னா அந்த மூணு பேரும் சேந்ததுதான சார்?"

லீதியாளின் தாய் நேசம்மாளும் தானாகவே வந்து சொன்னாள்: "எனக்க பிள்ளைக்கு கணக்கு ஒரு எளவும் வராது. நான் நிறுத்திக்கிடுதேன் டீச்சர்." ஆனால் பரிசோதனை நாள் காலையில் டீச்சரே நேசம்மாள் வீட்டுக்குப் போய், லீதியாளுக்குத் தலைவாரி, கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

இன்ஸ்பெக்டர் எட்டும் ஆறும் எவ்வளவு என்று லீதியாளைக் கேட்டார். விரல் மடக்கி எண்ணிவிட்டு அவள், "ஏழு" என்றாள். பையன்கள் இருவருக்கும் வாயே திறக்கவில்லை. அவர் குறித்துக்கொண்டார். வேற்றாள் முன்னால் முதன்முறையாகப் பேசிவிட்ட லீதியாள் மட்டும் திரும்பி, "டீச்சர், நான் சொல்லிட்டேன்!" என்று பூரித்துப் போனாள். டீச்சர் தலையாட்டினார். இரண்டு வாரத்தில் தாக்கீது வந்தது: பிள்ளைகளின் தரம் போதாது, ஐந்தாம் வகுப்பு இப்போது இல்லை.

அந்த வருடம் நாலாம் வகுப்பு முடித்தவர்களில் முதலாவதாக வந்த பிள்ளை முத்துக்கனி. வைகுண்டராஜன் பள்ளிக்கூட முற்றத்தில் வந்து நின்றார்.

"உங்க வேதக்காரப் பிள்ள ஒண்ணுக்காவ எனக்க மவளுக்க படிப்பக் கெடுத்துப்போட்டியளே. இதுதான் உங்க நியாயமா?"

"லீதியாளுக்க எடத்துல முத்துக்கனி இருந்தாலும் கூட்டிட்டுத்தான் வந்திருப்பேன்."

"வாயால சொல்லதுக்கென்ன டீச்சர்?"

"நீங்க சொல்லது நேருதான். முத்துக்கனிக்கு நஷ்டந்தான். அது எனக்க தப்புதான்" என்றார் டீச்சர்.

மறுநாள் விடியும்போது வைகுண்டராஜன் வீட்டு முற்றத்தில் குரல் கேட்டது. வேலியோரம் போய்ப் பார்த்தேன். துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடத்தை டீச்சர் சாத்திய கதவைப் பார்த்து உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். வைகுண்டராஜன் உள்ளேயிருந்து, "டீச்சரே, போவுங்கோ. ஆளுவ பாத்தா சிரிப்பினும்" என்றார். "சிரிக்கட்டும். பாடத்துக்கு ஒரு கேடும் வராது" என்று தொடர்ந்தார். பள்ளிக்கூட மணிக்கு நேரமானதும் எழுந்து போனார். அடுத்த நாள் இரண்டாம் பாடம். கதவு அசையவில்லை. அதற்கடுத்த நாள் தூறல். முந்தானையால் புத்தகத்தை மூடிப் பிடித்துக்கொண்டு மூன்றாம் பாடத்தில் பாதி போயிருப்பார், தாழ்ப்பாள் நீங்கும் சத்தம் கேட்டது. முத்துக்கனி தலைமுடிகூடக் கட்டாமல் வெளியே வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இருட்டில் வைகுண்டராஜன்.

டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கல்லில் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார். ஈரமான தாள்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் திருப்பி, முதல் பாடத்திலிருந்து மறுபடியும் வாசிக்கத் தொடங்கினார்.