பட்டியலில் இல்லாத சத்தம்

அம்பத்தூர் எஸ்டேட்டில், கார் கதவுக்குக் கீல் அடிக்கும் பட்டறையில், எனக்கு அடுத்த பிரஸ் மிஷின் லோகநாயகியுடையது. பதினேழு வருஷமாக இருவரும் அங்கேதான். தகட்டை வைப்பது, மிஷின் இடிப்பது, எடுப்பது. அந்த இடியில் கத்தினாலும் கேட்காது. அதனால் வாயை மட்டும் அசைப்போம். உதட்டைப் பார்த்தே மாமியார் சண்டையிலிருந்து மகள் மார்க்கு வரை பேசி முடித்துவிடுவோம். காதடைப்பான் என்று ஒன்று உண்டு. அதிகாரி வரும் நாளில் கொடுத்து, அவர் காரில் ஏறியதும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

அவள் புருஷன் லட்சுமணன் மீனம்பாக்கத்தில் விமானத்துக்குப் பெட்டி ஏற்றுகிறவன். ஐயப்பன்தாங்கலில் அவர்கள் வீடே அவன் காதுக்காக அடங்கிக் கிடந்தது. விமான நிலையத்தில் அவனுடைய ஓய்வறைச் சுவரில் சத்த அளவுப் பட்டியல் ஒன்று இருக்கிறதாம். பேச்சு அறுபது டெசிபல், மிக்சி தொண்ணூறு, லாரி ஹாரன் நூற்றுப் பத்து, பக்கத்தில் கிளம்பும் ஜெட் நூற்று நாற்பது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒப்பிப்பான். அவன் வீட்டில் இருந்தால் மிக்சி ஓடக்கூடாது. நாளெல்லாம் நின்று வீங்கிய காலோடு அவள் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சட்னி அரைத்து வருவாள். எங்கள் பிரஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

மூன்று வருஷமாக அவர்களுக்குள் ஒரே சண்டை. பின்னாலிருந்து கூப்பிட்டால் இவள் திரும்புவதில்லை. எதிரே நின்று கேட்டால் டக்கென்று பதில் சொல்கிறாள். அப்படியானால் திமிர்தானே என்று அவன் முடிவு கட்டிவிட்டான். சம்பாதிக்கிற கொழுப்பு என்று சொந்தக்காரர்களிடமும் சொல்லி, தீபாவளியிலிருந்து பேச்சையே நிறுத்திவிட்டான். கூப்பிடாமலே கூப்பிட்டதாகப் பழி போடுகிறான் என்று இவளுக்கு வேதனை. தம்பி வீட்டோடு போய்விடட்டுமா என்று என்னிடம் இரண்டு முறை கேட்டாள்.

போன மாதம் அவனுடைய கம்பெனியில் காது சோதனை. இந்த முறை குடும்பத்துக்கும் சேர்த்து. வரச்சொல்லி மகளிடம் சொல்லியனுப்பினான்; போனாள். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அங்கே பார்க்க உதடு எதுவும் இல்லை. விரலைப் பொத்தானில் வைத்தபடி காத்திருந்தாள். எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று அவள் கேட்டபோது சோதனை முடிந்திருந்தது.

சோதித்த பெண் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாளாம். ஜெட் பெரிய சத்தம்தான். ஆனால் அவன் காதுமூடி போட்டுக்கொள்கிறான், கொஞ்ச நேரத்தில் விலகியும் விடுகிறான். அவன் காது நன்றாகவே இருக்கிறது. நூறு டெசிபலை வெறும் காதில் தினம் எட்டு மணி நேரம் வாங்கியவளுக்குத்தான் போய்விட்டது. போனது இனி திரும்பாது.

பஸ் போரூரைத் தாண்டியது. அவன் அவள் பக்கம் திரும்பினான்.

“இத்தினி நாளா நான் கூப்ட்டது எதுவுமே உனக்குக் கேக்கலியா?”

“மூஞ்சியப் பாத்துக் கூப்ட்டிருந்தா கேட்டிருக்கும்யா.”

மறுநாள் மிஷினில் நின்றபடி இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். இரண்டு பிரஸ்ஸும் இடித்துக்கொண்டிருந்தன. ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது. சாப்பாட்டு மணி அடித்தது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. மற்றவர்கள் டப்பாவோடு போவதைப் பார்த்துத்தான் மிஷினை நிறுத்தினோம். நான் எத்தனை நாளாக இப்படிப் பார்த்து நிறுத்துகிறேன் என்று யோசித்தேன். நினைவில்லை.