பாதிப் பக்கம் வெள்ளை

எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்தவன் ஒரு சிற்றிதழை நீட்டினான். "ஏலே, புதுக்கவிதை. படிச்சுப் பாரு."

மேலே நாலு வரி, பிறகு பாதிப் பக்கம் வெள்ளை, அடியில் ஒரே ஒரு வரி. எனக்கு எரிச்சலாக வந்தது.

"இதுக்குப் பேரு கவிதையாலே? பேப்பரை வீணாக்கியிருக்கான்."

ஆனாலும் வாய்விட்டுப் படித்தேன். வெள்ளை வந்ததும் என்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டேன். என் அண்ணன் சங்கு குளிக்கக் கடலுக்குள் இறங்கும்போதெல்லாம், வள்ளத்தில் கயிற்றைப் பிடித்தபடி நான் அப்படித்தான் நிற்பேன். அவன் கயிற்றை அசைத்தால் மேலே இழுக்க வேண்டும். ஒருநாள் கயிறு அசையவே இல்லை.

எழுதியவன் கடலைப் பார்த்தவனா என்றுகூட எனக்குத் தெரியாது. இதழ் இன்னும் என்னிடம் இருக்கிறது. அடியில் கிடக்கும் அந்த வரியை இன்றுவரை நான் படிக்கவில்லை.